பார்ட்னரின் மௌனத்தையும் எண்ணு

அன்புள்ள மருமகனுக்கு,

நீ எழுதி அனுப்பிய பிரிட்ஜ் கையைப் பார்த்தேன். இஸ்பேடில் ராஜா, ஜாக்கி, 9, 4. ஆட்டினில் 6, 2. டைமனில் ஏஸ், 10, 7, 3. கிளாவரில் ஜாக்கி, 8, 5. இடப்பக்கத்தில் இருந்தவர் 1 ஆட்டின் என்று தொடங்க, உன் பார்ட்னர் பாஸ், வலப்பக்கத்தில் இருந்தவரும் பாஸ். 9 புள்ளிதானே என்று நீயும் பாஸ் சொல்லியிருக்கிறாய். அவர்கள் ஏழு பிடி எடுத்து 80 வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கைக்கு நான் டபுள் சொல்வேன், தயங்காமல்.

காரணம் எளிய கூட்டல் கழித்தல்தான். கட்டில் மொத்தம் 40 புள்ளி. தொடங்கியவருக்கு 14 என்று வைத்துக்கொள். அவருடைய பார்ட்னரிடம் 6 இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். சொல்லாததால் 4, 5 இருக்கலாம். அந்தப் பக்கம் 18, 19 போனால் உங்கள் பக்கம் 21, 22 மிச்சம். அதில் உன்னுடையது 9. மீதி 12, 13 எங்கே? எதிரே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர் கையில்.

அவ்வளவு வைத்துக்கொண்டு அவர் ஏன் பேசவில்லை என்று கேட்பாய். அவர் கை இப்படி இருந்திருக்கலாம்: இஸ்பேடில் ராணி, 7, 3, ஆட்டினில் ஏஸ், ஜாக்கி, 8, 4, டைமனில் ராஜா, 6, 2, கிளாவரில் ராணி, 7, 6. நல்ல 12 புள்ளி. ஆனால் எதிராளி தொடங்கிய உடனே பேசும் நேரடி இடத்தில் 1 நோ டிரம்ப் சொல்ல 15 வேண்டும். தனியாகக் கேட்க ஐந்து சீட்டு உள்ள ஜாதி இல்லை. எதிராளியின் ஆட்டினிலேயே நாலு சீட்டு இருப்பதால் டபுளும் சொல்ல முடியாது. பாஸ் சொல்வதைத் தவிர அவருக்கு வழியே இல்லை. நீ டபுள் சொல்லியிருந்தால் அவர் 1 நோ டிரம்ப் என்று பதில் சொல்லியிருப்பார். ஏழு பிடி எடுத்தால் 90 உங்களுக்கு. உனக்கு ஆட்டினில் இரண்டே சீட்டு இருந்தது பார், அதுவே அவர் பேசாததற்கு ஒரு தடயம். அந்த ஜாதியில் உனக்குக் குறைந்தால் அவருக்கு நிறைய இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே இரண்டு பாஸுக்குப் பிறகு ஏலம் உன்னிடம் வந்தால், பார்ட்னரிடமிருந்து ஒரு ராஜாவைக் கைமாற்றாக வாங்கி உன் கையில் சேர்த்துக்கொள். அதாவது 3 புள்ளி. சேர்த்த பின் நேரடி இடத்தில் என்ன சொல்வாயோ, அதையே சொல். 15 முதல் 18 வரை இருந்தால் சொல்லும் 1 நோ டிரம்ப், இங்கே சுமாராக 11 முதல் 14 வரைக்கும் வந்துவிடும். உண்மையிலேயே 15, 16 இருந்தால் முதலில் டபுள், பிறகு நோ டிரம்ப். ஒரு படி தாண்டிச் சொல்லும் கேள்வி இங்கே பலவீனமான கையைக் காட்டாது. நல்ல ஆறு சீட்டு ஜாதியும் தொடங்கும் வலிமையும் இருப்பதைக் காட்டும். ஏலம் முடியப்போகிற நேரத்தில் யாரைத் தடுக்கப் பலவீனமாகத் தாண்டுவது?

தொடங்கியவர் 19 வைத்திருக்கும் நாளும் உண்டு. அன்று அடி விழும், விழட்டும். ஆனால் எல்லாக் கைக்கும் இது பொருந்தாது. அவர்களுடைய ஆட்டினில் உனக்கே ஐந்து சீட்டு, இஸ்பேடில் ஒற்றைச் சீட்டு என்றால் 10 புள்ளி இருந்தாலும் பாஸ் சொல். அவர்கள் மோசமான இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். நீ பேசினால் இஸ்பேடைக் கண்டுபிடித்துத் தப்பித்துவிடுவார்கள்.

இன்னொரு கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1 ஆட்டின், பாஸ், 2 ஆட்டின், பாஸ், பாஸ். இரண்டு பேரும் ஒரே ஜாதியில் பொருந்தி, அதற்கு மேல் போகத் தெம்பில்லாமல் நின்றுவிட்டார்கள். அவர்களிடம் ஒன்பது ஆட்டின் இருந்தால் உங்களிடம் நாலுதான். உங்கள் 26 சீட்டில் மற்ற மூன்று ஜாதியிலும் சேர்த்து 22. மூன்றாகப் பிரித்துப் பார், ஒன்றிலாவது எட்டு இருந்தே தீரும். அவர்களிடம் எட்டே இருந்தாலும், மூன்றிலும் சரியாக ஏழேழாக விழுந்தால் ஒழிய, உங்களுக்கும் எட்டுச் சீட்டுப் பொருத்தம் உண்டு. பிரான்சைச் சேர்ந்த ழான் ரெனே வெர்ன் 1969இல் எழுதிய மொத்தப் பிடி விதியும் இந்தப் பொருத்தக் கணக்கில்தான் நிற்கிறது. லாரி கோஹன் 1992இல் அதை ஒரு புத்தகமாக விரித்து எழுதினார். ஏலம் முடியப்போகும் இடத்தில் இப்படிப் பேசுவதற்குப் பாலன்சிங் என்று பெயர். அதற்கென்றே மைக் லாரன்ஸ் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார், தேடிப் படி.

விலையையும் பார்த்துக்கொள். 2 ஆட்டின் ஆடி எடுத்தால் அவர்களுக்கு 110. நீ 2 இஸ்பேட் சொல்லி ஒரு பிடி குறைந்தால் போவது 50, வல்னரபிளாக இருந்தால் 100. இரண்டுமே 110ஐவிடக் குறைவு. வல்னரபிளாக இரண்டு பிடி குறைந்தால் 200. ஜோடிப் போட்டியில் அந்தக் கை அத்தோடு போச்சு. அவர்கள் பொருத்தமே காணாமல் ஆளுக்கொரு ஜாதி சொல்லி 2 டைமனில் வந்து நின்றால் கிட்டப் போகாதே. அவர்களுக்குப் பொருந்தாத நாளில் உங்களுக்கும் பொருந்தாது.

இதில் பார்ட்னருக்கும் ஒரு கடமை உண்டு. நீ பேசியது உன் கையை மட்டும் வைத்து அல்ல, அவருடைய 12 புள்ளியையும் சேர்த்துத்தான். எதிராளிகள் 3 ஆட்டினுக்கு ஏறியதும், என்னிடம் 12 இருக்கிறதே என்று அவர் 3 இஸ்பேட் சொன்னால் ஒரே சொத்தை இரண்டு தரம் விற்றதாகும். அவர்களை ஒரு படி ஏற்றிவிட்டதே லாபம், அதோடு விட்டுவிட வேண்டும். முதல் கட்டத்திலும் பதில் சொல்லும்போது அவர் 3 புள்ளியைக் கழித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாத பார்ட்னரோடு ஆடினால், போகப்போக நீ பேசவே பயப்படுவாய்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் நான் கண்டிப்பு. பார்ட்னர் பாஸ் சொன்னார் என்பது உனக்குச் சொந்தமான தகவல். மோட்டுவளையைப் பார்த்து அரை நிமிடம் யோசித்துவிட்டுப் பாஸ் சொன்னார் என்பது உனக்குச் சொந்தமில்லை. டூப்ளிகேட் பிரிட்ஜின் 16ஆவது விதி இதற்காகவே இருக்கிறது. அவர் தயங்கிய பிறகு, உன் கையை மட்டும் பார்த்தால் பாஸும் நியாயமான வழி என்றால், பாஸ்தான் சொல்ல வேண்டும். டைரக்டர் ஸ்கோரை மாற்றுவார் என்பதற்காக அல்ல. அது அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்ப்பதற்குச் சமம். அதனால் நீயும் நேரடி இடத்தில் எதைப் பாஸ் செய்தாலும் ஒரே வேகத்தில் செய்யப் பழகு. அப்போதுதான் உன் பார்ட்னர் நிம்மதியாகப் பேச முடியும்.

அடுத்த போட்டிக்கு முன் இருவரும் உட்கார்ந்து, இந்த இடத்தில் 1 நோ டிரம்புக்கு எத்தனை புள்ளி, தாண்டிச் சொன்னால் என்ன அர்த்தம், டபுளுக்குக் குறைந்தது எவ்வளவு என்று பேசி, கன்வென்ஷன் கார்டில் எழுதி வையுங்கள். பிறகு ஆடிய கைகளை எனக்கு அனுப்பு, நாலு கையும் சேர்த்து.

அன்புடன்,
அத்தை