எது பெரிய நட்சத்திரம்?

மார்கழி மாதம். இரவு ஒன்பது மணி. டோம்பிவிலியில் மொட்டை மாடிக்குப் போங்கள். கிழக்கே பாருங்கள்.

மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் இடப்பக்கம் ஒரு சிவப்பு நட்சத்திரம். அதுதான் திருவாதிரை. மூன்றுக்கும் கீழே ஒன்று பளிச்சென்று மின்னும். அதன் பெயர் சிரியஸ். இரவில் தெரியும் நட்சத்திரங்களில் அதற்கே ஒளி அதிகம்.

அப்படியானால் சிரியஸ்தான் பெரியதா? இல்லை.

ஸ்டேஷனில் பார்த்திருப்பீர்கள். தூரத்தில் வரும் லோக்கல் ரயிலின் விளக்கு சிறு புள்ளி போலத் தெரியும். பக்கத்தில் இருக்கும் டார்ச் விளக்கு கண்ணைக் கூசும். ஆனால் ரயில் விளக்கே பெரியது.

சிரியஸின் ஒளி நம்மிடம் வர 8.6 ஆண்டுகள் ஆகும். திருவாதிரையின் ஒளி வர 500 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். சிரியஸின் அகலம் சூரியனைப் போல் இரு மடங்குகூட இல்லை. திருவாதிரையோ பல நூறு மடங்கு!

கொல்லர் உலையில் இரும்பு முதலில் சிவக்கும். சூடு ஏறினால் வெளுக்கும். நட்சத்திரமும் அப்படித்தான். வெள்ளை நட்சத்திரத்தில் சூடு அதிகம். சிவப்பில் குறைவு.

2019 முடிவில் திருவாதிரை மங்கியது. அது அழியப் போகிறதோ என்று பலர் நினைத்தார்கள். 2020-இல் மீண்டும் ஒளிர்ந்தது. அதிலிருந்து வெளிவந்த தூசுதான் அதை மறைத்திருந்தது.

மங்கலாகத் தெரிவது எல்லாம் சிறியது அல்ல. இதை உங்கள் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

விடை சொல்லுங்கள்:
1. சிரியஸ் ஏன் அதிக ஒளியுடன் தெரிகிறது?
2. எந்த நட்சத்திரத்தில் சூடு அதிகம்?