உள்ளரங்க நீச்சல் குளமும் நீர்ச் சிக்கனமும்

கூரையின் கீழ் அமைந்த நீச்சல் குளத்தை ஒருமுறை நிரப்பினால் போதும், பின்னர் நீர்ச்செலவே இல்லை என்று எண்ணுவோர் பலர். உண்மை அதற்கு மாறானது. அக்குளம் நாள்தோறும் நீரை இழக்கிறது. அவ்விழப்பு எவ்வாறு நிகழ்கிறது, அதனை எங்ஙனம் குறைக்கலாம் என்பதை ஈண்டுக் காண்போம்.

கொள்ளளவும் இழப்பும்

50 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உடைய குளம் 25 இலட்சம் லிட்டர் நீரைக் கொள்ளும். அதன் நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தால் 1,250 லிட்டர் நீர் போயிற்று என்பது பொருள். கண்ணுக்கு எளிதில் புலப்படாத இத்தாழ்வை நீர்மானி காட்டிவிடும். ஆதலின், நிரப்பும் குழாயில் நீர்மானி பொருத்தி, அதன் அளவை நாள்தோறும் குறித்து வருதல் முதற்பணியாகும்.

கசிவு, ஆவியாதல், நீந்துவோர் உடலோடு வெளியேறும் நீர், வடிகட்டியைக் கழுவும் நீர் என இழப்பு நால்வகைப்படும். இவற்றுள் ஆவியாதலை, இரவில் நீர்ப்பரப்பின்மீது விரிப்புப் போர்த்துவதாலும், அரங்கின் காற்றை நீரைவிட ஓரிரு பாகை கூடுதல் வெப்பத்தில் வைப்பதாலும் குறைக்கலாம்.

புதுநீர் ஏன்?

நீந்துவோரின் வியர்வையும் சிறுநீரும் நீரில் கரைந்துவிடுகின்றன. கரைந்ததை மணல் வடிகட்டியால் பிரிக்க இயலாது. அவை குளோரினோடு கூடிக் குளோரமின் என்னும் பொருளாகின்றன. கண் எரிச்சலுக்கும் இருமலுக்கும் காரணம் அதுவே. குளோரின் மிகுதியால் எழுவதாகப் பலர் கருதும் நெடியும் பெரும்பாலும் அதனுடையதே. மூடிய அரங்கில் அது தேங்கி நிற்கும்.

இதனைத் தடுக்க, நீந்துவோர் ஒருவருக்கு 30 லிட்டர் புதுநீர் சேர்க்க வேண்டும் என ஜெர்மனியின் 'டி.ஐ.என். 19643' தரவிதி கூறுகிறது. நாள்தோறும் ஆயிரம் பேர் நீந்தினால் 30,000 லிட்டர். 84 நாள்களில் அது முழுக் குளத்தின் நீருக்கும் மேலாகிவிடும்!

மெய்யான சிக்கனம்

இப்புதுநீரை நிறுத்திச் செலவைக் குறைப்பது சிக்கனமன்று. பிறர் உடல்நலத்தைச் செலவிடுவதாகும். வடிகட்டி கழுவிய நீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைகளுக்குப் பயன்படுத்துதல், தானே மூடிக்கொள்ளும் குழாய்களைப் பொருத்துதல் ஆகியன நிருவாகத்தின் கடமை. சவர்க்காரமிட்டுக் குளித்த பின்னரே குளத்தில் இறங்குதல் நீந்துவோர் கடமை. இறங்குமுன் கழுவப்படும் அழுக்குக்குச் சிறிதளவு நீர் போதும். குளத்தில் கலந்த அழுக்கையோ பெருநீர் கொண்டே தணிக்க வேண்டும்.

பொதுநீரைக் காப்பது பொறியாளர் பணி மட்டுமன்று. அதனைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் ஒழுக்கமுமாகும்.