ஒலிக்கருவியைச் சோதிக்கும் இசை

இல்லத்திற்குப் புதிய ஒலிக்கருவி வாங்கியோர், அதன் பெருமையை விருந்தினர்க்குக் காட்ட விரும்புவது இயல்பு. அதற்குப் பேரோசை எழுப்பும் பதிவையே பலரும் தேர்கின்றனர். 1979-இல் டெலார்க் நிறுவனம் வெளியிட்ட சைகாவ்ஸ்கியின் '1812' இசைத்தட்டு இதற்குப் பெயர்பெற்றது. அதிலுள்ள உண்மைப் பீரங்கி முழக்கத்தால், பல வீடுகளில் ஊசியே வரிப்பள்ளத்தை விட்டுத் துள்ளியது! ஆனால், அதிர வைப்பது வேறு. உள்ளதை உள்ளவாறு ஒலிப்பது வேறு.

நம் செவி உணரும் அதிர்வெண்கள் ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அவற்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் தருவதே நற்கருவி. அதனை அறிய நான்கு வகைப் பதிவுகள் போதும்.

முதலாவது, தனிக்குரல். பிறந்தது முதல் கேட்டுப் பழகிய ஒலியாதலின், அதன் சிறு திரிபையும் செவி கண்டுகொள்ளும். எந்தப் பாடகரும் பானைக்குள்ளிருந்து பாடுவது போலத் தோன்றினால், குறை கருவியினுடையதே.

இரண்டாவது, தம்புரா. தந்திக்கும் குதிரைக்கும் இடையே வைக்கும் நூல் எண்ணற்ற மேற்சுரங்களை எழுப்புகிறது. அந்த ரீங்காரம் மங்கினால், உயர் அதிர்வெண்கள் குன்றின என்று பொருள்.

மூன்றாவது, மிருதங்கம். வலந்தலையில் அப்பிய கருஞ்சாந்தினால் அதன் மேற்சுரங்கள் தந்திக்கருவியில் போல் இசைவாக அமைவதை, சர் சி. வி. இராமன் 1920-இலேயே விளக்கினார். ஆகவே வலந்தலையின் சுருதி தெளிவாகக் கேட்கவேண்டும். தொப்பியின் கும்கி அதனை மூடிவிடலாகாது.

நான்காவது, கச்சேரிப் பதிவு. ஆங்கிலப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931-இல் காப்புரிமை கோரிய ஸ்டீரியோ முறையின் பயனை இதில் காணலாம். கண்ணை மூடினாலும், வயலின் எப்பக்கம், மிருதங்கம் எப்பக்கம் என்பது விளங்கவேண்டும்.

வாங்கச் செல்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. ஒலி குறைந்திருக்கும்போது தாழ்ந்த சுரங்களை நம் செவி சரிவர உணர்வதில்லை என்பதை, பிளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டினர். எனவே ஒலியைச் சற்றே கூட்டிவைத்த கருவி, செழுமையாக ஒலிப்பதாகத் தோன்றும். இரு கருவிகளையும் ஒரே பதிவால், ஒரே ஒலியளவில் கேட்டபின்னரே முடிவு செய்க. இன்றேல், பல மாதச் சேமிப்பு ஒரு திருகுமிழின் திருகலில் போய்விடும்.

நாம் பலமுறை கேட்டு, மனத்தில் பதிந்த பாடலே சிறந்த அளவுகோல். கேட்டுச் செல்லும் விருந்தினர் கருவியை மறந்து பாடலைப் பற்றிப் பேசினால், அதுவே அக்கருவிக்குக் கிடைத்த நற்சான்று.