கத்தியில் வேலைக்கு உள்ளதும் வடிவுக்கு உள்ளதும்

மீளக்குடியமரும் குடும்பம் ஒன்று முதலில் வாங்கும் பொருட்களுள் கத்தியும் ஒன்று. பற்றை வெட்ட, வேலிக்குக் கதியால் சீவ, தேங்காய் உடைக்க என்று சில காலத்துக்கு அந்த ஒரு கத்தியே கைகொடுக்க வேண்டியுள்ளது. ஆகவே கண்ணைக் கவரும் கத்தியை எடுக்குமுன், அதன் ஒவ்வொரு உறுப்பும் என்ன வேலை செய்கிறது என நாம் கேட்டுப் பார்த்தல் நன்று.

முதுகில் வாள் போலப் பல் வெட்டிய கத்தியை எடுத்துக்கொள்வோம். 1982 இல் ரம்போ என்ற பாத்திரம் தோன்றிய அமெரிக்கத் திரைப்படத்தின் பின் இவ்வகை உலகெங்கும் பரவியது. மரம் அரியும் வாளை உற்றுப் பாருங்கள். அதன் பற்கள் ஒன்று இடப்புறம், அடுத்தது வலப்புறம் எனச் சற்று வளைந்திருக்கும். அதனால் வெட்டு, வாளின் தடிப்பைவிட அகலமாகி வாள் இறுகாமல் ஓடுகிறது. கத்தியின் முதுகோ தடித்தது. பற்களும் பெரும்பாலும் நேரே நிற்பவை. தடியில் கொஞ்சம் இறங்கியதும் இறுகிவிடும். அத்தோடு, விறகில் வைத்து முதுகில் பொல்லால் அடித்துப் பிளக்கவும் முடியாது. பெருவிரலை ஊன்றிச் சீவவும் முடியாது.

அப்படக் கத்தியின் கைபிடி உள்ளே வெறுங்குழாய். தூண்டிலும் நெருப்புக்குச்சியும் வைக்கலாம். அதைச் செய்தவர் தேர்ந்த கைவினைஞர். நமது கைக்கு வருபவை மலிவான போலிகள். இவற்றில் அலகு கைபிடியின் வாயோடு முடிந்துவிடுகிறது. ஓங்கி வெட்டும்போது முழுப் பலமும் விழுவது அந்த மூட்டில்தான். முறிந்து பறக்கும் அலகு அருகில் நிற்கும் பிள்ளையைத் தாக்கலாம். அலகின் இரும்பு ஒரே துண்டாகக் கைபிடியின் அடிவரை சென்று, இருபுறமும் மரம் வைத்து ஆணி அறைந்திருந்தால், விலை கூடினாலும் அதையே வாங்கலாம்.

அலகில் ஓடும் நீள்பள்ளம் இரத்தம் வழிவதற்கு என்பர் சிலர். அது வெறுங்கதை. பலம் அதிகம் குறையாமல் பாரத்தைக் குறைப்பதே அதன் வேலை. நீண்ட போர்வாளில் அதன் பயன் தெரியும். ஒரு சாண் கத்தியில் அது வடிவுக்குத்தான்.

அலங்காரம் போலத் தோன்றி உழைப்பவையும் உண்டு. கைபிடியின் அடி பருத்திருப்பது வியர்த்த கை வழுக்காமல் இருக்க. நுனி கொக்கிபோல் வளைந்திருந்தால், முட்கொடியைக் கை படாமல் இழுத்து வெட்டலாம்.

பளபளப்பு உருக்கின் தரத்தைக் கூறாது. அரம் ஒன்றால் விளிம்பில் மெதுவாக உரசிப் பாருங்கள். இலகுவாகக் கடித்தால் கூர் நில்லாது. முற்றாக வழுக்கினால் கல்லில் பட்டுச் சில்லாகத் தெறிக்கலாம். சற்று முரண்டுபிடித்துக் கடிப்பதே வெட்டு வேலைக்கு ஏற்றது. கம்மாலையில் லொறியின் பழைய வில்லுத்தகட்டில் அடிப்பித்த கத்தி பார்வைக்குக் கறுப்பாக இருந்தாலும், வளைந்து நிமிரவென்றே செய்த உருக்கு அது. அடிக்கக் கொடுக்கும்போது, இரும்பைக் கைபிடியின் அடிவரை விடும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.