பச்சிலையும் பட்டயமும்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.

பேத்திக்கு,

சென்ற விடுமுறையில் சாலைக் கடைத்தெருவின் மருந்துக்கடையில், வாய் திறந்து கிடந்த சாக்கிலிருந்து குறுந்தோட்டி வேரை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இதெல்லாம் யார் காட்டிலிருந்து வருகிறது?" என்று நீ கேட்டதும், தராசு பிடித்திருந்தவர் சிரித்தார், எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்விக்கு இப்போது விடை எழுதுகிறேன்.

அகஸ்திய மலைச் சாரலில் கோட்டூர், பேப்பாறைப் பக்கத்துக் காடுகளில் காணிக்காரர் என்னும் மலைவாசிகள் பரம்பரையாக வாழ்கிறார்கள்; ஓணத்துக்கு முன்பாகத் தேனும் மலைவிளைவுகளும் சுமந்து கவடியார் அரண்மனைக்கு வருபவர்கள் அவர்களே. 1987 டிசம்பரில் தாவர ஆராய்ச்சிக்காக மலையேறிய விஞ்ஞானிகள் களைத்து உட்கார்ந்துவிட்ட வேளையில், வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு சிறு காயை மென்றபடி சோர்வின்றி நடந்தார்கள். அதென்ன என்று கேட்டதற்கு முதலில் சொல்லத் தயங்கி, பிறகு நம்பிக்கை கொண்டு காட்டிக் கொடுத்த செடியே ஆரோக்கியப்பச்சை. மரநிழலின் ஈரத்தில், தரையோடு ஒட்டி வளரும் ஒரு சிறு செடி. பாலோட்டிலுள்ள தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தார், டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில், அதனுடன் வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்து, 1995-ல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவிகித ராயல்டிக்கும் உரிமம் அளித்து, வருவதில் பாதியைக் காணிக்காரருக்கென்று ஒதுக்கினார்கள். அதைப் பெறுவதற்காக 1997-ல் ஒரு டிரஸ்டும் ஏற்பட்டது. அறிவைக் கொடுத்தவனுக்குப் பங்கு கொடுத்த அந்த ஏற்பாட்டைத் தேசாந்தரங்களிலும் சிலாகித்தார்கள், நானும் சிலாகிக்கிறேன்.

ஆனால், குழந்தாய், மருந்துக்காக அந்தச் செடியின் இலையைப் பறிக்க வேண்டிய மண் யாருடையது? காட்டு நிழலை விட்டு வேறிடத்தில் நட்டால் செடியின் குணம் குன்றுகிறது. காட்டிலோ வன இலாகாவின் அனுமதியின்றி அதை எடுக்க இயலவில்லை. ஆகவே செடியின் ரகசியம் காணிக்காரருடையது, செடி சர்க்காருடையது என்றாயிற்று! 1865-ல் ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்துப் பண்டாரப்பாட்ட விளம்பரம் சர்க்கார் நிலத்தில் உழுத குடியானவனுக்கு அந்நிலத்தைச் சொந்தமாக்கியது. 1970 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த நிலச்சீர்திருத்தம் குத்தகைக்காரனை ஜன்மி என்னும் நிலவுடைமையாளனிடமிருந்து மீட்டது. மலைவாசியோ யாருக்கும் குத்தகைக்காரனாக இருந்தவனல்லன். காகிதம் இல்லாத அவனுக்கு இவ்விரண்டாலும் விமோசனம் கிட்டவில்லை.

2006-ன் வன உரிமைச் சட்டம்தான், 4 ஹெக்டேர் வரை அவன் அநுபவத்திலுள்ள நிலத்தையும், சிறு வனப்பொருள்களின் சொந்தத்தையும், பாரம்பரிய அறிவின் மேல் சமூகத்துக்குள்ள உரிமையையும் ஒரே ஏட்டில் எழுதி, அவ்வுரிமைக் கோரிக்கைகளை முதலில் விசாரிக்கும் பொறுப்பைக் கிராம சபைக்கு, இங்குள்ளோர் வழக்கில் ஊருக்கூட்டத்துக்கு, அளித்தது. காகிதமில்லாததால் சொந்த மண்ணில் உரிமையற்றுப்போகும் இந்தத் துக்கம் நம் தேசத்துக்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் 1926-ல் ஒரு ரப்பர் கம்பெனிக்கு 10 லட்சம் ஏக்கர் வரை 99 வருஷக் குத்தகைக்குக் கொடுக்க அரசாங்கம் ஒப்பியது. பட்டயமில்லாமலே மூதாதையர் வழியாக அநுபவித்துவந்த பூமி கிராமத்தாருடையதே என்று அந்நாடு சட்டம் செய்ததோ 2018-ல்தான். இடைப்பட்ட தொண்ணூற்றிரண்டு வருஷங்களில் எத்தனை தலைமுறைகள் தங்கள் சொந்த மண்ணிலேயே அந்நியராக வாழ்ந்து மடிந்திருக்கும் என்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

நவராத்திரிக்கு வந்துவிடு, வேளிமலை முருகன் நம் ஆரியசாலை அம்மன் கோயிலில் வந்து தங்கும் நாட்களில் நீயும் இங்கிருந்தால் உன் பாட்டிக்குச் சந்தோஷம். அது முடிந்ததும் கோட்டூருக்குப் போவோம். ஊர்த்தலைவரான மூட்டுக்காணியைக் கண்டு, அவர் சம்மதித்தால் ஊருக்கூட்டத்தில் ஓர் ஓரமாக அமர்ந்து கேட்போம். ஆரோக்கியப்பச்சையை அவர்களே காட்டினால் குனிந்து பார், பறித்துவிடாதே.

இப்படிக்கு,
உன் தாத்தா