படத்தைப் பார்த்தல்ல, தண்ணீரைப் பார்த்து

பெங்களூருவில் புது ஃபிளாட்டின் சாவி கைக்கு வந்ததும் செல்பேசியில் சேர்த்து வைத்த படங்கள் வெளியே வரும். கறுப்புக் குழாய், குளியலறையில் கண்ணாடித் தடுப்பு, முகம் தெரியும் அடர்நிறத் தரை. அந்த வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்பதை மட்டும் எந்தப் படமும் சொல்லாது. இந்த ஊரில் முதல் கேள்வியே அதுதான்.

ஜெயநகர், மல்லேஸ்வரம் போன்ற பழைய பகுதிகளில் பல காலமாகக் குழாயில் காவிரி வருகிறது. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலைப் பக்கத்து அடுக்ககங்களோ நெடுங்காலம் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியிருந்தவை. 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிய பிறகும் போர்வெல்லை விட முடியாத கட்டடங்கள் இருக்கின்றன. போர்வெல் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். அது காய்ந்த இடத்தில் வெள்ளைப் படலம் நிற்கும். கறுப்பு மேட் குழாயில்தான் அது பளிச்சென்று தெரியும். ஆசிட் போட்டுத் தேய்த்தால் கறை போவதோடு பூச்சும் போய்விடும். உப்புத் தண்ணீர் வரும் வீட்டுக்குக் குரோம் குழாயும் வெளிர்நிற டைல்ஸும் போதும். கண்ணாடித் தடுப்பைத் தினமும் துடைக்க ஆளில்லையென்றால் திரையே மேல். காவிரி மட்டும் வரும் வீட்டில் கறுப்புக் குழாய் தாராளமாகப் போடலாம்.

தரைக்கு வருவோம். 1898 பிளேக்குக்குப் பின் வளர்ந்த பசவனகுடி, மல்லேஸ்வரம் வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரையைப் பார்த்தவர்களுக்கு அதன்மேல் ஆசை வருவது நியாயமே. காலுக்குக் குளிர்ச்சி, பழகப் பழக மெருகு. ஆனால் கைதேர்ந்த மேஸ்திரி கிடைத்தால் மட்டுமே அதில் இறங்க வேண்டும். விரிசல் விட்டால் ஒட்டுப்போடும் இடத்தில் நிறம் சேராது.

சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடிக் கல் இன்னொரு ஆசை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் சேர்த்துக் கையால் செய்வது, சூளையில் சுடுவதில்லை. அதனால் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சும். கூடத்துக்கும் பூஜை அறைக்கும் அதைவிட அழகான தரை இல்லை, சமையலறைக்கு வேண்டாம். அங்கே விட்ரிஃபைட் டைல்ஸ்தான் சரி, அது நீரை உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கும் குறைவு. பளபளப்பான வகை ஈரத்தில் வழுக்கும் என்பதால், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பால்கனிக்கும் குளியலறைக்கும் சொரசொரப்பான மேட் வகையையே எடுக்க வேண்டும்.

மாடுலர் கிச்சனில் பெரும்பாலோர் நிறத்துக்கு ஒரு வாரம் செலவழித்துவிட்டு, உள்ளே என்ன பலகை என்று கேட்பதில்லை. சிங்க்குக் கீழே எம்.டி.எஃப். பலகை போட்டால் ஒரு சின்னக் கசிவுக்கே உப்பிவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் விலை கூடுதல்தான். வீடு முழுக்க அது தேவையில்லை. சிங்க் அடியிலும் குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியிலும் போட்டால் போதும். படுக்கையறை அலமாரிக்கு ஈரம் தாங்கும் சாதாரண எம்.ஆர். பிளைவுட் பொருந்தும்.

ஃபால்ஸ் சீலிங் அரை அடியை எடுத்துக்கொள்ளும். ஒன்பதடி உயர அறையில் அதற்குக் கீழே மின்விசிறியையும் தொங்கவிட்டால் தலைக்கு மேல் பாரம் இறங்கியதுபோல் இருக்கும். அப்படிப்பட்ட அறைக்கு அது வேண்டாம். சுவர் நிறத்தைக் கடை அட்டையில் முடிவு செய்யாமல், இரண்டடிக்கு இரண்டடி சுவரில் பூசி, பகலிலும் இரவு விளக்கிலும் பார்க்க வேண்டும். 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில் இதமாகத் தெரியும் நிறம் 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் வெளிறிப்போகும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், எந்த இடத்துக்கு எந்தத் தரப் பலகை, எந்த வகை டைல்ஸ் என்று கொட்டேஷனில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.