குஞ்சுகளை வெளியே விடும் நேரம் எது?

வெப்பநிலைமானியைக் காட்டி, அளக்கச் சொல்லி, எண்ணைக் குறிப்பேட்டில் எழுத வைப்பதோடு 'வெப்பம் மற்றும் வெப்பநிலை' பாடத்தை முடித்துவிடலாம். ஆனால், அளந்த எண்ணைக் கொண்டு ஒரு முடிவெடுக்கும் தேவை வரும்போதுதான் மாணவர்கள் அந்தப் பாடத்தை உண்மையில் கற்கிறார்கள். ஒரு மார்கழியில் என் ஏழாம் வகுப்புக்கு அப்படியொரு தேவை வந்தது.

பள்ளிக்கு அடுத்த தெருவில் வசிக்கும் மாணவி ஒருத்தியின் அம்மா, மகளிர் குழுக் கடனில் 20 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கியிருந்தார். பொரிப்பகத்திலிருந்து வந்த ஒரு நாள் குஞ்சுகள், தாய்க்கோழி கிடையாது. அறை மூலையில் நெல் உமி பரப்பி, குண்டு பல்பின் சூட்டில் வளர்த்தார்கள். மூன்று வாரம் முடிந்ததும் இடம் போதவில்லை. எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேட்டுப்பகுதியில் இருக்கிறது. அதிகாலைக் குளிர் கடுமை. முந்தைய ஆண்டு இதே பருவத்தில் வெளியே விட்ட குஞ்சுகளில் பாதி செத்துப்போயின. "இந்தத் தடவை எப்போ சார் விடலாம்?" என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வியை வகுப்பிடமே கொடுத்தேன்.

முதல் படி: குளிர் ஏன் குஞ்சைத் தாக்குகிறது?

ஒரு சிறிய எவர்சில்வர் டம்ளரிலும் ஒரு பெரிய சொம்பிலும் 50 டிகிரி செல்சியஸ் வெந்நீர் நிரப்பினோம். கால் மணி நேரம் கழித்து அளந்தபோது டம்ளர் நீரே அதிகம் ஆறியிருந்தது. சிறிய உடலுக்கு, அதன் பருமனோடு ஒப்பிட்டால், வெளிப்பரப்பு அதிகம். வெப்பம் விரைவாக வெளியேறும். குஞ்சு அந்த டம்ளர், கோழி அந்தச் சொம்பு.

அடுத்து இரண்டு டம்ளர்களைப் பஞ்சால் சுற்றி, ஒன்றின் பஞ்சை மட்டும் நனைத்தோம். நனைந்த பஞ்சு சுற்றியது வேகமாக ஆறியது. குஞ்சின் மேலிருக்கும் மென்தூவி, காய்ந்திருக்கும்வரைதான் காற்றைப் பிடித்துவைத்து வெப்பம் காக்கும். பனி படிந்த புல்லில் காலையில் விடக்கூடாது என்பதற்கு மாணவர்களே காரணம் சொன்னார்கள்.

இரண்டாம் படி: அளத்தல்

குஞ்சு இருக்கும் இடத்தில் முதல் வாரம் சுமார் 35 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். நான்காவது வாரத்துக்கு எவ்வளவு என்று கேட்டதும் 26 என்று கணக்கிட்டார்கள். மருத்துவ வெப்பநிலைமானி இங்கே பயன்படாது, அதன் அளவீடு 35 டிகிரியில்தான் தொடங்குகிறது என்பதையும் அவர்களே கண்டார்கள்.

அந்த வீட்டுக் கொல்லையில், நிழலில், குஞ்சின் உயரத்தில் ஆய்வக வெப்பநிலைமானியைக் கட்டி ஒரு வாரம் அளந்தோம். ஒரு நாளின் அளவு இப்படி இருந்தது: காலை 7 மணிக்கு 16, 10 மணிக்கு 22, பகல் 1 மணிக்கு 27, மாலை 4 மணிக்கு 25. வரைபடம் வரைந்து, 26-இல் ஒரு கிடைக்கோடு போட்டார்கள். கோட்டுக்கு மேலே இருந்தது நண்பகலை ஒட்டிய சில மணி நேரம் மட்டுமே. 'எந்த நாள்' என்று தொடங்கிய கேள்வி, 'எந்த மணி' என்று மாறியது இங்கேதான்.

மூன்றாம் படி: பார்த்தல்

முதல் நாள் பகல் 1 மணிக்கு வெளியே விட்டபோது வெப்பநிலைமானி 27 காட்டியது. ஆனாலும் குஞ்சுகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்று ஒண்டிக்கொண்டு கீச்சிட்டன. எண் சரியென்கிறது, குஞ்சு இல்லையென்கிறது, எதை நம்புவது? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. வாடைக்காற்று வீசுவதை ஒரு மாணவன் கவனித்தான். வடக்குப் பக்கம் சாக்குப்படுதா கட்டியதும் சற்று நேரத்தில் குஞ்சுகள் பரவி மேயத் தொடங்கின.

நிழலில் தொங்கும் வெப்பநிலைமானிக்கு இழப்பதற்கு உடல் வெப்பம் இல்லை. சுமார் 40 டிகிரி உடல் சூடு உள்ள குஞ்சிடமிருந்து காற்று வெப்பத்தைப் பறித்துக்கொண்டே இருக்கும். இதற்குப் பிறகு மாணவர்கள் குறிப்பேட்டில் இன்னொரு பத்தி சேர்த்தார்கள்: ஒண்டினால் குளிர், வாய் திறந்து மூச்சு வாங்கி, சிறகைத் தளர்த்தினால் சூடு, பரவி மேய்ந்தால் நலம்.

மாணவியின் பாட்டி வெயில் ஏறிய பிறகே பஞ்சாரத்தைத் திறப்பாராம். தாய்க்கோழியோடு திரியும் குஞ்சுகள் குளிரிலும் பிழைப்பது எப்படி என்று அவரிடம் மாணவர்கள் கேட்டார்கள். குஞ்சுகள் அடிக்கடி ஓடி வந்து தாயின் சிறகுக்குள் புகுந்து சூடேற்றிக்கொள்ளும் என்றார். தாயில்லாக் குஞ்சுக்கு அந்தச் சிறகு பல்புதான். எனவே திரும்பி வர ஒரு சூடான இடம் எப்போதும் இருக்க வேண்டும் என்று வகுப்பு முடிவு செய்தது.

முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, மூன்று என நீட்டினார்கள். ஆறாவது வாரம் முதுகிலும் மார்பிலும் இறகு மூடிய பின்பே இரவு பல்பை அணைத்தார்கள். வெளியே விட்ட 20 குஞ்சுகளில் 19 நின்றன. ஒன்றைக் காகம் தூக்கிவிட்டது. கொல்லைக்கு மேலே வலை கட்டும் யோசனை அதன் பிறகு வந்தது.

கவனிக்க வேண்டியவை

வெந்நீரை ஆசிரியரே ஊற்ற வேண்டும். குஞ்சைத் தொட்ட பின் அனைவரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பல்பு உமியைத் தொடாத உயரத்தில் இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதிப்பீட்டுக்கு நான் கொடுத்த வினா இது: 'ஐந்தாவது வாரக் குஞ்சுகள், வெளியே 24 டிகிரி, தூறல் விழுகிறது. விடுவாயா? காரணம் கூறு.' 'விடுவேன்', 'விடமாட்டேன்' என்ற சொல்லுக்கு மதிப்பெண் கிடையாது. எண்ணையும் ஈரத்தையும் காற்றையும் குஞ்சின் நடத்தையையும் சேர்த்துப் பார்த்த விடைக்கே முழு மதிப்பெண். கோழி இல்லாத ஊரில் ஆட்டுக்குட்டியை வைத்தும் இதே வினாவை அமைக்கலாம்.